எருமைப் புத்தகத்தின் நாற்பத்தேழு எழுத்து

எங்கள் வீட்டு வேலியை ஒட்டி மூன்று சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பக்கத்து எஸ்டேட் பெண்கள் மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒன்றரைக்கு மேஸ்திரி விசில் ஊதுவார். நான் அந்த எஸ்டேட் ஆபீசில் முப்பத்தாறு வருடம் ரைட்டராக இருந்தவன். காலையில் மஸ்டரில் ஆள் எண்ணிப் பேர் போடுவது என் வேலை. ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. எண்ணுவது மட்டும் விடவில்லை. ஜன்னலில் நின்று அவர்களை எண்ணுவேன். பதினேழு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினாறு பேர் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஒருத்திக்குக் காய்ச்சலோ, குளவி கொட்டிவிட்டதோ, காட்டெருமை துரத்தியதோ என்று மனம் ஓடும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, மரத்தடியில் பதினாறு பேர்தான் இருந்தார்கள். பதினேழாவது ஆள் எங்கள் கொல்லைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"ரைட்டரய்யா, ஒரு ஒத்தாசை வேணுங்க."

அவளை எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வயது. கணவர் சேலத்தில் லாரி செட்டில் வேலை, ஞாயிறு மட்டும் வருவார். ஒரே பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு. சாப்பாட்டுப் பையிலிருந்து துண்டில் சுற்றிய எதையோ எடுத்தாள். பிரித்தால் சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகம்.

கையில் வாங்கியதும் பக்கத்தை எண்ணினேன். அட்டையோடு சேர்த்துப் பன்னிரண்டு. எழுத்து இருந்தது ஒன்பதில்.

"இதப் படிச்சுச் சொல்லுங்க. ஒருக்காச் சொன்னாப் போதும், மனசுல வாங்கிக்கறேன்."

விஷயம் இதுதான். ஒன்றாம் வகுப்பு டீச்சர் வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு படப் புத்தகம் கொடுத்தனுப்புகிறார். வீட்டில் யாராவது பிள்ளையோடு உட்கார்ந்து, எழுத்துக்குக் கீழே விரல் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். இவளுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துக் கதை கட்டிச் சொல்லி நான்கு மாதம் ஓட்டிவிட்டாள். அவள் பெண்ணும் நம்பிவிட்டது. நம்பியதோடு நிற்காமல், எங்கம்மா நல்லாப் படிப்பாங்க என்று வகுப்பில் சொல்லிவிட்டது. இப்போது டீச்சர், பொங்கல் லீவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வீட்டில் யார் படித்துக் காட்டுகிறார்களோ அவர்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைக்குப் பிடித்த புத்தகத்தை எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பெண்ணுக்குப் பிடித்தது இந்த எருமைப் புத்தகம்.

"தெரியாதுன்னு சொல்லிட்டுப் போ. இதுல என்ன இருக்குது?" என்றேன்.

அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பக்கத்து ஊட்டு அத்தை ஒருநா புத்தகத்தத் தலைகீழாப் புடிச்சுப் படம் பாத்துச்சுங்க. எம்புள்ள பாத்துட்டு, அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அத்தை மக்குன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. நான் பக்கத்துல நின்னு சிரிச்சேனுங்க. நாளைக்கு என்னையும் சொல்லுவா."

"அஞ்சு வயசுப் பிள்ளை சொன்னா என்ன?"

"அவ ஒருத்தி சொல்றதுதானுங்க வலிக்கும்."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏனுங்க, கேள்வி கேக்கற நேரத்துல படிச்சுச் சொன்னா என்னங்க? அது இன்னும் சாப்படவே இல்ல."

படித்தேன். ஓர் எருமை குளத்துக்குக் குளிக்கப் போகிறது. பின்னாலேயே கொக்கு, தவளை, நாய், ஆடு, வாத்து என்று ஒவ்வொன்றாக வந்து, "நானும் வரட்டுமா?" என்று கேட்கின்றன. "வா, வா" என்கிறது எருமை. கடைசியில் வரும் பூனை தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வரமாட்டேன் என்று கரையில் நின்றுவிடுகிறது. எல்லாரும் குளிக்கிறார்கள். எருமை தூங்கிவிட்டது. அவ்வளவுதான் கதை. மொத்தம் நாற்பத்தைந்து சொல்.

இரண்டாவது தடவை நான் வாய் திறக்கும் முன் அவளே சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. நானாக இருந்தால் நாற்பத்தைந்து சொல்லுக்கு நான்கு நாள் ஆகியிருக்கும், அதிலும் தவளை விட்டுப்போயிருக்கும். எனக்குப் பெருமூச்சு வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மறுபடியும் பதினாறு பேர். கொல்லைக் கதவில் அவள்.

"புள்ள கண்டுபுடிச்சுருவா போல இருக்குதுங்க. 'அம்மா, உன் விரல் உனக்கு முன்னாடியே ஊட்டுக்குப் போயிருச்சு'ன்னு சிரிக்கறா."

படித்துக் காட்டச் சொன்னேன். புத்தகத்தை அன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டதால் முதல் பக்கத்தை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். எருமை குளத்துக்குப் போனது. அவள் எ என்று முதல் சொல்லில் விரலை வைத்தாள். ரு என்று இரண்டாவது சொல்லுக்குத் தாவினாள். மை என்று மூன்றாவதில் நின்றாள். எருமை என்று சொல்லி முடிப்பதற்குள் விரல் வரியின் கடைசிக்குப் போய்விட்டது. மிச்சம் இரண்டு சொல்லுக்கும் விரலுக்குப் போக்கிடம் இல்லை. அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு சொல்லுக்கு நடுவில் விட்டிருக்கும் இடைவெளி எதற்கு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொன்ன ஞாபகம் இல்லை. எழுபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் அந்த இடைவெளியைப் பார்த்ததில்லை.

"இந்தச் சந்து வரைக்கும் ஒரே சொல்லு. விரல் இங்கேயே நிக்கணும். எருமைன்னு முழுசாச் சொல்லி முடிச்ச பின்னால அடுத்ததுக்குப் போகணும்."

அவள் தாளை உற்றுப் பார்த்தாள். "செடிக்குச் செடி எடம் உட்டு நட்டிருக்கற மாதிரியா?"

"அதேதான்."

"அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க" என்றாள், ஏதோ நான் இருபத்தெட்டு வருடமாக ஒளித்து வைத்திருந்தது போல.

அன்றைக்கே அவள் விரல் சரியாகிவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அவள் கிளம்பும்போது ஒன்று கேட்டாள். "ஏனுங்க, இதுல எந்த எழுத்து எதுன்னு நெசமாவே கத்துக்க முடியுங்களா? இல்ல, வயசு போயிருச்சுங்களா?"

இரண்டாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போனவள். தம்பி பிறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போடுவாள். "அது கோலம் மாதிரிங்க. எந்தப் புள்ளி எதுக்குன்னு தெரியாது" என்றாள்.

அன்று மாலை காலண்டரை எடுத்து எண்ணினேன். அந்த வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்து மூன்று மதிய இடைவேளை இருந்தது. தமிழில் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. வகுத்தால் நாளுக்கு ஏழரை. மனைவியிடம் சொன்னேன்.

"ஏழரையா? வெளங்கும்" என்றாள் அவள்.

மறுநாள் அட்டை ஒன்றில் உயிரெழுத்து பன்னிரண்டையும் பெரிதாக எழுதினேன். வரிசையாகச் சொல்லி, வரிசையாக எழுதி, வரிசையாக ஒப்பிக்க வேண்டும். நான் அப்படித்தான் படித்தேன், என் மகனும் அப்படித்தான் படித்தான். ஆறு மதியம் போனது. பாடம் சொல்ல வந்தால் அவள் தலை கவிழும். அதிகாலையிலிருந்து கூடை சுமந்தவள், வரிசையில் ஈ, ஊ தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். ஏழாவது நாள் அவள் வரவில்லை. மரத்தடியில் பதினேழு பேரும் சரியாக இருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பாவம், அது எருமையக் கேட்டுச்சு. நீங்க ஐ, ஔன்னு ஓட்டறீங்க" என்றாள் மனைவி. "நம்ம பையனுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தீங்க. அவன் பாயை நனைச்சதுதான் மிச்சம்."

கோபம் வந்தது. கோபம் வந்தால் எதையாவது எண்ணுவேன். எருமைக் கதை எனக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. அதை ஒரு தாளில் எழுதி, எத்தனை எழுத்து வருகிறது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். வந்த எழுத்து மறுபடி வந்தால் சேர்க்கவில்லை. மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் ஒரே விடை. நாற்பத்தேழு.

இருநூறு எழுத்து அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. ஆறு நாள் நான் நடத்திய பன்னிரண்டு உயிரெழுத்தில் அந்தக் கதையில் தனியாக வருவது எ, ஆ இரண்டும்தான். எருமைக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று. மற்ற பத்தும் அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை எந்த உதவியும் செய்யப் போவதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வேலிக்குப் போய் நானே கூப்பிட்டேன். மேஸ்திரி ஒரு மாதிரி பார்த்தார்.

"பாடம் வேண்டாம். எருமையைப் படிக்கலாம் வா."

முழுக் கதையையும் ஒன்பது தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் தாளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நான் சொல்ல, அவள் ஒன்பதையும் தரையில் பரப்பி வைத்து, குனிந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

"இது தெரியுமுங்க. ஏற்காடு பஸ்ஸுல கடைசியா இருக்கும்." டு என்ற எழுத்தைத் தொட்டாள். ஆடு. "இது சேலம் பஸ்ஸு." ம். கரடியூர் போர்டிலிருந்து க, ர, ர். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் பெண்கள் என்று எழுதியிருப்பதிலிருந்து ண், ள். போர்டை மொத்தமாகப் படம் போல வைத்திருந்தவள், இப்போது அதைப் பிய்த்துப் பார்த்தாள். மொத்தம் ஏழு எழுத்து.

"வரிசையாப் போகலாம்மா. முதல் தாள்ல இருந்து."

"அதுல ஒண்ணுகூடப் பழுக்கலைங்களே."

"என்ன?"

"பழம் பறிக்கறப்ப வரிசையாவா ரைட்டரய்யா பறிக்கறோம்? செவந்தத மட்டும் பறிச்சுட்டுப் பச்சைய உட்டுட்டு அடுத்த செடிக்குப் போறோம். பத்து நாள் கழிச்சு வந்தா மிச்சமும் செவந்திருக்கும். மூணு சுத்து வந்தா செடி காலி. நீங்க பச்சையும் பழமுமா ஒரேயடியா உருவச் சொல்றீங்க. மேஸ்திரி பாத்தா வையமாட்டாருங்களா?"

எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் இருந்தவனுக்கு அவள் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. மனைவி உள்ளே சிரிப்பது கேட்டது.

அதன் பிறகு அவள் வழியில்தான் போனோம். முதல் சுற்றில் அந்த ஏழு. அவை வரும் இடத்தையெல்லாம் சிவப்புப் பென்சிலால் சுழித்தாள். அடுத்த சுற்றுக்கு எது எளிது என்று நான் எண்ணிச் சொன்னேன். அதிகம் வருவது து, பன்னிரண்டு இடம். அதற்கடுத்து வா, பதினொரு இடம். கதை மனப்பாடம் என்பதால் வா எங்கே வரும் என்று அவள் வாய்க்குத் தெரியும். வாய் காட்டிய இடத்தைக் கண் பார்த்துக்கொண்டது. முதல் சுற்றில் ஒன்றுமே சிவக்காத முதல் தாளைத் தள்ளி வைத்துவிட்டாள். "இந்தச் செடிக்கு அப்பறமா வரலாமுங்க." நான்கு நாளில் பத்தொன்பது எழுத்து.

இடையில் வேறொரு கவலை. அரையாண்டு லீவுக்கு அந்தப் புத்தகம் வேறொரு பையன் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். என் கையெழுத்து கோழிக்கால். அச்செழுத்தைப் பார்த்துப் பழகாவிட்டால் அன்றைக்குத் தடுமாறுவாளே என்று எனக்குப் பயம். லீவுக்கு முந்தைய வாரம் அவள் மகளிடம் புத்தகம் வந்தபோது, சனிக்கிழமை ஒரு மணி பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போனேன். ஏரிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒன்பது பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தார். மெஷினில் மை அதிகம். படமெல்லாம் கரியாக வந்திருந்தது.

"பாய், என்ன இது? ஒண்ணும் தெரியல."

"எருமை கருப்பாத்தானே சார் இருக்கும்."

"கொக்கும் கருப்பா இருக்கே."

"ஏற்காட்டு மழையில நனைஞ்ச கொக்குன்னு வச்சுக்குங்க. எழுத்து பளிச்சுன்னு இருக்குது பாருங்க."

எழுத்து பளிச்சென்றுதான் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் ஒரு வளைவில் தாள்கள் மடியிலிருந்து நழுவி, சீட்டுக்கடியில் பறந்தன. ஒன்பதையும் பொறுக்கினேனா என்று ஐந்து தடவை எண்ணினேன். வரிசை கலைந்துவிட்டது. பக்க எண் அச்சிடாத புத்தகம் அது. திங்கட்கிழமை மதியம் அடுக்கித் தரலாம் என்று இருந்தேன். அன்று என் மனைவிக்குப் பல்வலி, மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. பன்னிரண்டரைக்கு வந்தவளிடம் கலைந்தபடியே கொடுத்துவிட்டு, நாளைக்குச் சரி செய்யலாம் என்று சொல்லிக் கிளம்பினேன்.

மறுநாள் அவள் தாள்களை அடுக்கிக் கொண்டுவந்தாள்.

"யார் அடுக்கினா?"

"நாந்தானுங்க. காலையில மஸ்டருக்கு நிக்கறப்ப. எல்லாப் படமும் கருகிப்போச்சே, எது நாயி எது ஆடுன்னு தெரியல. அஞ்சு தாள்ல 'நானும் வரட்டுமா, வா வா' ஒரே மாதிரி இருக்குது. மொத எழுத்துதான் வேற. வா-ன்னு ஆரம்பிக்கறது வாத்து. அத மொதல்ல புடிச்சேன். டு இருக்கறது ஆடு. ரெண்டே எழுத்துல புள்ளி வச்சு முடியறது நாயி. மிச்சம் ரெண்டையும் குருட்டாம்போக்குல வச்சேன்."

குருட்டாம்போக்கில் வைத்த கொக்கும் தவளையும் மட்டும் இடம் மாறியிருந்தன. ஒன்பதில் ஏழு சரி. கொக்குதான் முதலில் என்றேன்.

"எது முன்னால போனா என்னங்க, எல்லாம் குளிக்கத்தான போகுது."

மஸ்டரில் நின்ற பெண்கள் என்ன ஜாதகமா பார்க்கிறாய் என்று கேட்டார்களாம். ஆமாம், எருமை ஜாதகம் என்றாளாம்.

நான் அந்த ஏழு தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். படம் தெரிந்திருந்தால் அவள் எழுத்தைப் பார்த்திருக்க மாட்டாள். பாயின் மை கொட்டிய மெஷினுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அவரிடம் நேரில் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவையும் கரியாகத்தான் கொடுப்பார்.

கடைசி வியாழக்கிழமை கணக்குப் பார்த்தபோது நாற்பத்தொரு எழுத்து வந்திருந்தது. ஆறு இன்னும் பச்சை. அந்த ஆறும் மனப்பாடத்தில் ஓடிவிடும், பயப்படாதே என்று அவளிடம் சொன்னேன். அவள் தைரியமாகத்தான் இருந்தாள். பயந்தது நான்.

வெள்ளிக்கிழமை அவள் அரை நாள் லீவு எடுத்திருந்தாள். என் மனைவி என்னையும் உடன் அனுப்பினாள். வீட்டிலிருந்தால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தே முட்டியைத் தேய்த்துவிடுவேன் என்று. பள்ளி இரண்டு ஸ்டாப் தள்ளி. வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள், பெரியவர்கள் இருபது பேர். அதில் ஆண்கள் மூன்று, என்னையும் சேர்த்து. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சருக்கு முப்பது வயதிருக்கும், குரல் சன்னமாக இருந்தாலும் கை வேகம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒரு தாத்தா பேரனோடு யானைக் கதை படித்தார். ஒரு அம்மா படித்துக்கொண்டே அழுதுவிட்டார், ஏன் என்று தெரியவில்லை.

எங்கள் முறை எட்டாவது. அவள் தரையில் உட்கார்ந்தாள். மகள் தொடையில் சாய்ந்துகொண்டு புத்தகத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. விரல் முதல் சொல்லின் கீழே நின்றது. எருமை. விரல் நகர்ந்தது. குளத்துக்குப். நகர்ந்தது. போனது.

கொக்கு வந்தது, தவளை வந்தது, நாய் வந்தது. "வா, வா" வரும்போதெல்லாம் பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். பூனை வரமாட்டேன் என்றபோது ஒரு பையன், "ஏன்டி வரமாட்ட?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எட்டு பக்கம் முடிந்தது.

ஒன்பதாவது பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அச்சுப் பக்கம் இல்லை, ஒட்டிய வெள்ளைத் தாள் இருந்தது.

லீவில் புத்தகம் போன வீட்டில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது. டீச்சர் வேறு தாள் ஒட்டி, கிரேயானில் ஓர் எருமையும் வரைந்து, கீழே தன் கையால் பெரிதாக ஒரு வரி எழுதியிருக்கிறார். கதையின் கடைசி வரி அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை போலும். கடைசி பெஞ்சிலிருந்து எனக்கு அந்த எழுத்து தெரிந்தது. எருமை தண்ணீரில் தூங்கியது. நாங்கள் முப்பத்து மூன்று நாளாகச் சொன்ன வரி, எருமை தூங்கிவிட்டது.

மனப்பாடத்தில் சொன்னால் மாட்டிக்கொள்வாள். படிக்கும் பிள்ளைகள் அங்கே நான்கைந்து பேராவது இருந்தார்கள். எழுந்து ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்று பார்த்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை.

"எருமை" என்றாள். விரல் இரண்டாவது சொல்லுக்குப் போனது. தூ என்று சொல்ல வாய் குவிந்தது. குவிந்த வாய் அப்படியே நின்றது. விரலுக்குக் கீழே இருந்தது தூ அல்ல. வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினான்கு வரை எண்ணியும் அவள் பேசவில்லை. மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தது. டீச்சர் உதவிக்கு ஒரு அடி முன்னால் வந்தார்.

"இருங்க டீச்சர்" என்றாள் அவள். பிறகு மகளிடம், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "சாமி, இது அம்மாவுக்குத் தெரியாத எழுத்து. கொஞ்சம் இரு, பார்க்கறேன்."

அதைச் சொல்லக்கூடாது என்றுதான் அவள் முதல் நாள் என் வாசலுக்கு வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் மூக்கை உறிஞ்சியது.

"தண்" என்றாள். "தண்ணீ." விரல் அடுத்த எழுத்தில் நின்றது. ரி. அந்த நாற்பத்தேழில் ரி கிடையாது. ர உண்டு. குளித்தார்களில் ளி உண்டு. தூங்கியில் கி உண்டு, விட்டதுவில் வி உண்டு. தலைக்கு மேலே போடும் அந்த வளைவை அவள் மூன்று எழுத்தில் பார்த்திருந்தாள். உதடு அசைந்தது. கி, வி என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது.

"ரி" என்றாள். "தண்ணீரில்."

அடுத்த சொல்லில் ய இருந்தது. நாயில் இருந்த ய்-யின் புள்ளி இல்லாத எழுத்து. அதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. "தூங்கி... ய... து. எருமை தண்ணீரில் தூங்கியது." சொல்லிவிட்டு, வரியை இன்னொரு தடவை சேர்த்துப் படித்தாள். புத்தகத்தை மூடினாள்.

"சரி, அடுத்து யாரு?" என்றார் டீச்சர். அவருக்கு இன்னும் பதினொரு பிள்ளைகள் மிச்சம்.

எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காத இரண்டு எழுத்தை அவள் தானே பறித்துவிட்டாள். நாற்பத்தொன்றோடு இரண்டு, நாற்பத்து மூன்று.

பள்ளி முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அவர்கள் முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரம் வரை மகள் அம்மாவின் கையை ஆட்டிக்கொண்டே நடந்தது. பிறகு கேட்டது.

"அம்மா, உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"இப்பத்தான் சாமி கத்துக்கறேன்."

"முன்னாடியெல்லாம் படிச்ச?"

"அது படத்தப் பாத்து நானாச் சொன்னது."

மகள் யோசித்தது. அவளே கேட்டுவிட்டாள். "அப்ப நான் மக்கா கண்ணு?"

"மக்குன்னா புத்தகத்தத் தலைகீழாப் புடிக்கறவங்க" என்றது மகள். "நீ நேராத்தான புடிச்ச?" கொஞ்ச தூரம் போய், "நீயாச் சொன்ன கதையில எருமைக்குக் கல்யாணம் வரும். அதுதான் நல்லா இருந்துச்சு. அதையும் சொல்லு" என்றது.

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னிடம் அவள் அந்தக் கல்யாணத்தைச் சொன்னதே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு தங்கும் விடுதியின் பெரிய போர்டு இருக்கிறது. மகள் அதன் முன்னால் போய் நின்று, இது என்ன எழுத்து என்றது. "தெரியாது" என்றாள் அவள். அது? "தெரியாது." அப்புறம்? "அது ள. இல்ல, இரு, ன." இரண்டு தலையும் அண்ணாந்தபடி இருந்தன. தெரியாது என்பதை அவள் சாதாரணமாக, உப்புக் கேட்டால் இல்லை என்று சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

ஏற்காட்டிலிருந்து எங்கள் பஸ் வந்தது. "ஏம்மா, பஸ்ஸு" என்றேன்.

"இருங்க ரைட்டரய்யா, இன்னும் ரெண்டு எழுத்துதான்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் விசில் அடித்தார், பஸ் கிளம்பிப் போய்விட்டது. அடுத்தது ஐம்பது நிமிடம் கழித்துத்தான். பனி இறங்க ஆரம்பித்தால் எனக்குச் சளி பிடிக்கும், மனைவி வாசலில் நிற்பாள். நான் மைல்கல்லின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தேன். அவர்கள் அந்த இரண்டு எழுத்தில் முதலாவதை இன்னும் விடவில்லை.